பி0087 என்றால் பம்ப் போய்விட்டது என்று பொருளல்ல

"டீசல் வண்டி மேடேறும்போது மட்டும் இழுவை போகிறது, ஸ்கேனரில் பி0087 என்ற கோளாறுக் குறியீடு காட்டுகிறது என்றால் உயர் அழுத்த பம்பை மாற்றியே ஆக வேண்டும்" என்று இங்கே அடித்துச் சொல்லப்பட்டிருக்கிறது. அது தவறு. காமன் ரெயிலில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும், அதாவது எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனைகளுக்கும், உயர் அழுத்த டீசலைத் தரும் பொதுக் குழாயில்) அழுத்தம் வேண்டிய அளவுக்கு இல்லை என்பதை மட்டுமே அந்தக் குறியீடு சொல்கிறது; ஏன் இல்லை என்பதை நாம்தான் தேட வேண்டும்.

விட்டுவிட்டு வரும் கோளாறு என்றால் எனக்கு முதல் சந்தேகம் டீசல் ஃபில்டர்மீதுதான். பாதி அடைத்த ஃபில்டர் ஐடிலிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) போதிய டீசலை விடும், முழுச் சுமையில் விடாது. அடுத்தது, டேங்கிலிருந்து வரும் குழாயில் காற்று இழுப்பது. ஃபில்டருக்குப் பின் டீசலைத் தாங்கும் ஒளிபுகும் குழாய்த் துண்டைப் பொருத்தினால் குமிழி கண்ணுக்கே தெரியும். பிறகு இன்ஜெக்டர்களின் திரும்பு குழாய்களை (மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் குழாய்களை)த் தனித்தனி பாட்டில்களில் விட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் வேகமாக நிரம்பினால் கசிவு அங்கே. (எஞ்சின் ஓடும்போது ரெயில் குழாயைத் தளர்த்திவிடாதீர்கள், 1,000 பாருக்கு மேல் போகும் அழுத்தம், டீசல் தோலையே துளைக்கும்.)

பம்பும் கெடும், மறுக்கவில்லை. உள்ளே தேய்ந்த பம்ப் பெரும்பாலும் மினுமினுக்கும் உலோகத் துகளை எரிபொருளில் விட்டுவைக்கும். அதைக்கூடப் பார்க்காமல் பம்புக்குப் பணம் கட்டாதீர்கள்.