ஈபேயில் குறை எழுதினால் விற்றவர் பழிவாங்குவாரா?

"ஈபே இணைய ஏலத் தளத்தில் வாங்கிய பொருளுக்குக் கெட்ட மதிப்பீடு போட்டால், விற்றவரும் பதிலுக்கு நமக்குக் கெட்ட மதிப்பீடு போட்டுவிடுவார். அதனால் எப்படி இருந்தாலும் நல்லது என்றே எழுதிவிடுங்கள்." இப்படி ஒரு அறிவுரை இன்னும் சுற்றுகிறது. இது தவறு.

ஒரு காலத்தில் இது உண்மையாகத்தான் இருந்தது. ஈபேயை நிறுவிய பியர் ஒமிடியார் 1996-ல் மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தபோது, வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் பாராட்டலாம், குறையும் சொல்லலாம். விற்பவர்கள் சிலர், வாங்கியவர் முதலில் எழுதட்டும் என்று காத்திருந்து, குறை வந்தால் உடனே திருப்பிக் குறை போட்டார்கள். உடைந்த பொருள் வந்தும் வாய் திறக்காமல் போனவர்கள் அப்போது உண்டு. அவர்கள் பயந்ததில் தப்பே இல்லை.

அதை நிறுத்தத்தான் 2008 மே மாதம் விதி மாறியது. அன்றிலிருந்து விற்பவர் வாங்குபவருக்கு நல்ல மதிப்பீடு மட்டுமே தர முடியும், இல்லையென்றால் எதுவும் எழுதாமல் விடலாம். உங்கள் குறைக்குக் கீழே அவர் தன் பக்கத்து விளக்கத்தைப் போடலாம். மாற்றும்படி உங்களைக் கேட்கலாம், நீங்கள் மறுக்கலாம். இனிமேல் தன் ஏலங்களில் கலந்துகொள்ளாதபடி உங்களைத் தடுக்கவும் முடியும். அவ்வளவுதான்.

சரி, அதற்காக இதை ஆயுதமாக எடுத்துவிடக் கூடாது. "பாதிப் பணம் திருப்பித் தா, இல்லையென்றால் குறை எழுதுவேன்" என்று மிரட்டுவது ஈபே விதிப்படியே குற்றம். பொருளில் குறை இருந்தால், முதலில் விற்றவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். பிறகு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.