தீராது சார், கால் பங்கு மிஞ்சும்

கதிரியக்கக் கார்பன்-14இன் அரை ஆயுட்காலம் (அதன் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம்) 5,730 ஆண்டு என்று சரியாகச் சொல்லிவிட்டு, 11,460 ஆண்டில் முழுதும் தீர்ந்துவிடும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். தீராது சார். கால் பங்கு இருக்கும். இன்னொரு 5,730 போனால் அரைக்கால் (எட்டில் ஒன்று), அதற்கடுத்து வீசம் (பதினாறில் ஒன்று). நம் பழைய வாய்பாடு இதற்கென்றே போட்டதுபோல இருக்கிறது!

மும்பை செம்பூர் வீட்டில் மகளுக்காக ஒரு தோசையைப் பாதி பாதியாகப் பிய்த்துக் காட்டினேன். எட்டாவது தடவை நகத்தளவுதான் நின்றது, அதுவும் சட்னியில் விழுந்துவிட்டது. ஆனால் தோசை உதாரணத்திலும் ஓட்டை உண்டு: குறிப்பிட்ட ஓர் அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோடிக்கணக்கில் சேர்ந்திருந்தால்தான் பாதிக் கணக்கு சரியாக வரும்.

அப்புறம், டிராம்பே அணு உலை பக்கத்தில் என்று பயப்படும் அண்டைவீட்டுக்காரருக்கு: வாழைப்பழத்திலும் கதிரியக்கப் பொட்டாசியம்-40 கொஞ்சம் உண்டு. அதன் அரை ஆயுள் சுமார் 125 கோடி ஆண்டு.