மாதர் சங்கமும் தாய்வழிக் குடிமுறையும்
கிழக்கிலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறைக் கிராமங்களின் மாதர் சங்கங்கள் 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் வந்த தொண்டு நிறுவனங்களால் உருவாக்கப்பட்டவை என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. நிறுவனங்கள் தந்தவை பதிவேடும் இறப்பர் முத்திரையுமே. கூடிச் செயற்படும் வழக்கம் எங்கள் தாய்வழிக் குடிமுறையிலேயே (தாயின் வழியாகவே குடி, அதாவது வம்சம், தொடரும் முறை) இருந்தது. வீடு வளவைப் பெண்ணுக்கே சீதனமாக எழுதிக் கொடுக்க, மணமகன் அங்கு வந்து குடியேறும் வழமையால், ஒரே ஒழுங்கையில் அக்காவும் தங்கையும் பெரியம்மாவின் மகளும் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். அம்பாறை மாவட்டத்துத் தம்பிலுவிலில் என் தாயார் அங்கம் வகிக்கும் சங்கத்தில், சீட்டுக் காசை எண்ணிக் கொப்பியில் பதிந்து, வெற்றிலைத் தட்டத்தைச் சுற்றிவிட்ட பின்னரே நிகழ்ச்சி நிரல் (அதைப் பெரும்பாலும் எவரும் வாசிப்பதில்லை) தொடங்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு நெல் குற்ற யார் யார் வருவது என்பதும், பிள்ளை பெற்ற வீட்டுக்கு யார் சமைத்து அனுப்புவது என்பதும் அங்கேயே தீர்மானமாகின்றன. அக்கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர், இச்சங்கப் பெண்கள் கடன் வாங்கத்தான் கூடுகிறார்கள் என்கிறார். நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைக் குழுக்களாக்கி, ஒருவரின் கடனுக்கு மற்றவரைப் பிணை நிறுத்தியது உண்மையே. ஆயினும் அந்தக் குழுவையும் சங்கத்தையும் ஒன்றாக எண்ணுவது தவறு. எங்கள் சீட்டில் தவணை தவறியவரின் வாசலில் எவரும் போய் நிற்பதில்லை. அறுவடைக் காசு கைக்கு வரும்வரை அவருக்காக அக்காமாரே கட்டிவிடுகிறார்கள்.