ஹெல்த் காட் இருக்கு, குளிசைக்குக் காசு?

போன மாதம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு மருந்துக்கடை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வேலைச் சப்பாத்தோடு நேரே வந்திருந்தார். மருந்து கொடுக்கும் பிள்ளை மூன்று பைகளை எடுத்து வைத்து மொத்தக் காசைச் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெல்ல, "பிள்ளை, இதில எது கட்டாயம் வேணும்?" என்று கேட்டார்.

"எல்லாம் எடுக்கோணும் அங்கிள்."

கடைசியில் பிரஷர் குளிசையை மட்டும் வாங்கினார். சலரோக மருந்துப் பைகள் இரண்டையும், "சம்பளம் வரட்டும்" என்று திருப்பித் தள்ளினார். அந்தப் பைகள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

இங்கே கனடாவில் அரசாங்கத்தின் ஹெல்த் காட் இருந்தால் டொக்டரைப் பார்க்கக் காசு இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் ஊசி, மருந்து எல்லாம் அரசாங்கச் செலவு. அதே மருந்தை எழுதித் தந்து வீட்டுக்கு அனுப்பினால், அது உங்கள் பாடு. அந்த மனிதர் மருந்தை விட்டு, சீனி ஏறி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆயிரக்கணக்கில் செலவழிக்க அரசு தயார். விழாமல் வைத்திருக்கும் குளிசைக்குக் காசு தராது. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"வேலையிடத்தில் பெனிபிட், அதுதான் மருந்துக் காப்புறுதி, இருக்குத்தானே" என்பவர்கள், ஏஜென்சி மூலம் தொழிற்சாலைக்குப் போகும் எங்கள் சனத்தை ஒருதரம் கேட்டுப் பாருங்கள். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் 65 வயதானால் மாகாணத் திட்டம் கைகொடுக்கும். வேறு காப்புறுதி இல்லாத, 25 வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கும் உண்டு. நடுவில் இருப்பவர்களுக்கு டிரில்லியம் என்ற மாகாண மருந்து உதவித் திட்டம் இருக்கிறது, சரி. ஆனால் குடும்ப வருமானத்தில் ஏறக்குறைய 4 சதவீதத்தை முதலில் நாங்கள்தான் கட்ட வேண்டும். வரி போக 50,000 டொலர் வரும் வீட்டில் அது கிட்டத்தட்ட 2,000 டொலர். ஸ்காபரோ வாடகையைக் கட்டிவிட்டு அதற்கு எங்கே போவது?

இது நேற்று முளைத்த கோரிக்கையும் இல்லை. 1964இலேயே மத்திய அரசு அமைத்த நீதிபதி எம்மெட் ஹோல் ஆணைக்குழு மருந்தையும் பொதுக் காப்புறுதியில் சேர்க்கச் சொன்னது. ஒரு மருந்துச் சீட்டுக்கு நோயாளி ஒரு டொலர் கட்டினால் போதும் என்றது. டொக்டர் செலவு வந்தது, மருந்து வரவில்லை. 2019இல் மத்திய அரசு அமைத்த எரிக் ஹொஸ்கின்ஸ் குழுவும் நாடு முழுவதற்கும் ஒரே பொதுத் திட்டம் வேண்டும் என்றது. 2024 ஒக்டோபரில்தான் அதற்கான மத்திய அரசின் சட்டம் நிறைவேறியது. அதுவும் முதற்கட்டமாகச் சலரோக மருந்துகளுக்கும் கருத்தடை மருந்துகளுக்கும் மட்டும். மாகாணம் மத்திய அரசோடு ஒப்பந்தம் செய்தால்தான் அதுவும் கிடைக்கும். 2025 மார்ச் முடிவதற்குள் மனிடோபா, பிரிட்டிஷ் கொலம்பியா, பிரின்ஸ் எட்வேர்ட் தீவு, யூகோன் ஆகியவை கையெழுத்திட்டன. ஒன்ராறியோ அதில் இல்லை.

எங்கள் ஆட்களில் சலரோகம் இல்லாத வீடு எத்தனை? இன்சுலினைக் கண்டுபிடித்ததும் இதே ரொறன்ரோவில்தான், 1921இல். பான்ரிங்கின் குழுவினர் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். அந்த நகரத்தில் ஒரு மனிதர் சம்பள நாள் வரை மருந்தைத் தள்ளிவைக்கிறார் என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

பொங்கல் விழாவுக்கும் தெருவிழாவுக்கும் வந்து வணக்கம் சொல்லும் மாகாண உறுப்பினர்களிடம், "எப்போது கையெழுத்திடுவீர்கள்?" என்று கேளுங்கள். நான் எங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். அந்தக் கடிதம் வேண்டுமென்றால் இன்பொக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன். பெயரையும் முகவரியையும் மாற்றினால் போதும்.