சைன் அலையின் தலை ஏன் தட்டையாச்சு?
அண்ணாச்சி, அர்டுயினோ ஊனோங்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டுல சைன் அலைக்கான 256 மதிப்பு அட்டவணை, அந்த எண்ணை வோல்ட்டேஜா மாத்துற 8 பிட் ஆர்-2ஆர் ஏணி (ரெசிஸ்டர் அடுக்கு), கடைசியில சிக்னலைத் தாங்கி வெளிய விடுற எல்எம்358 ஐசி பஃபர்னு, அலை உண்டாக்குற சிக்னல் ஜெனரேட்டர் கட்டுற விதத்தை எழுதியிருக்கீங்க. பாளையங்கோட்டையில வீட்டு மாடியில வச்சு நானும் கட்டிப் பார்த்தேன். சைன் அலையோட தலையை மட்டும் அரிவாளால சீவுன மாதிரி தட்டையா நின்னுச்சு. ரெண்டு நாள் புரோகிராமைப் போட்டுக் குடைஞ்சேன். கோளாறு அதுல இல்ல. 5 வோல்ட்ல ஓடுற எல்எம்358-ஓட வெளியீடு சுமார் 3.5 வோல்ட்டுக்கு மேல ஏறாது! அந்த ஐசிக்கு மட்டும் தனியா 9 வோல்ட் குடுத்ததும் சரியாயிட்டு.

ஏணிக்கு 20 கே (20 கிலோ ஓம்) ரெசிஸ்டர் தேடி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் அலைய வேண்டாம். 10 கே ரெண்டைத் தொடரா போட்டாப் போதும். மதிப்பு 5 சதவீதம் வரை பிசகுற ரகம் மட்டும் வாங்கிராதீங்க. 127-லேர்ந்து 128-க்குத் தாவும்போது எட்டு பிட்டும் ஒண்ணா மாறும், அங்கதான் அலை நொண்டும்.

புரோகிராம்ல டிலே (காத்திருப்பு) போட்டு அலையோட அதிர்வெண்ணை மாத்துறது எனக்குப் பிடிக்கல. டைமர் இன்டரப்ட்ல (குறிச்ச நேரத்துக்கு ஒருக்கா தானா ஓடுற புரோகிராம் துண்டு) 32 பிட் எண் ஒண்ணைக் கூட்டிக்கிட்டே போய், அதோட மேல் 8 பிட்டை அட்டவணைக்குக் குடுங்க. அதிர்வெண்ணை ஒரு ஹெர்ட்ஸுக்கும் கீழ நுணுக்கமா திருப்பலாம். போன கோயில் கொடைக்கு வந்த மைக்செட் அண்ணன் இதுல 1 கிலோஹெர்ட்ஸ் விட்டுத்தான் ஆம்ப்ளிஃபயரைச் சோதிச்சாரு.