தவில் பக்கத்துக் காது

கெட்டிமேளம் என்றதும் எல்லார் கண்ணும் தாலி மேல். அந்த நேரத்தில் தவில்காரரின் வலப்புறம் உட்கார்ந்திருப்பவரைக் கவனியுங்கள். கூடு மாட்டிய விரல்கள் விழும் வலந்தலை, அதாவது தவிலின் வலப்பக்கத் தோல், நேராக அவருடைய இடது காதைப் பார்த்திருக்கும். முதுகுக்குப் பின்னால் மண்டபத்து ஸ்பீக்கர் வேறு.

காதைக் காக்க, 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணிநேரம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் வைத்திருக்கும் வரம்பு. ஏறும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி, 94 என்றால் 1 மணி, 100 என்றால் 15 நிமிஷம். காதுக்கு 3 டெசிபல் பெரிய வித்தியாசமாகவே தெரியாது, அதனால்தான் ஏமாறுகிறோம். ஜெர்மனியில் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், தொழில்முறை இசைக்கலைஞர்களுக்கு இரைச்சலால் செவித்திறன் இழப்பு வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 4 மடங்கு.

காதடைப்பான் வாங்கிக்கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, முதலில் உட்காரும் இடத்தை மாற்ற வேண்டும். லண்டன் ராயல் ஆபரா ஹவுஸில் 2012-இல் வாக்னரின் இசைநாடக ஒத்திகையின்போது, பித்தளை வாத்தியங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வயோலா கலைஞர் கிறிஸ் கோல்ட்ஷைடரின் காது பாதிக்கப்பட்டது. அடைப்பான் கொடுத்துத்தான் இருந்தார்கள். புகாருக்குப் பிறகு இருக்கைகளை மாற்றியதும் சத்தம் குறைந்தது. அதை முன்னாலேயே செய்திருக்கலாமே என்பதுதான் அவர் போட்ட வழக்கில், 2019 மேல்முறையீட்டிலும் எடுபட்டது. நம் மேடையில் தவிலைக் கொஞ்சம் முன்னே தள்ளித் திருப்பிப் போடவும், ஸ்பீக்கரைக் கலைஞர்களுக்கு முன்னால் நகர்த்தவும் காசு செலவே இல்லை.

அடுத்தது அடைப்பான். மருந்துக்கடை நுரை அடைப்பான் மேல் சுரங்களைத்தான் அதிகம் வெட்டும். நாகஸ்வரம் போர்வைக்குள் ஊதுவதுபோலக் கேட்கும், சுருதி பிடிபடாது, பத்தாவது நிமிஷம் கழற்றி வைத்துவிடுவார்கள். எல்லா சுரத்தையும் ஒரே அளவில் குறைக்கும் இசைக்கலைஞர் அடைப்பான் தனியாக இருக்கிறது. காதுக்கு அச்செடுத்துச் செய்வது, 9, 15, 25 டெசிபல் வடிகட்டிகளோடு வரும். 15-இல் தொடங்கலாம். நாகஸ்வரக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: அச்சு மேலோட்டமாக இருந்தால் சொந்த ஊதலே மண்டைக்குள் 'கும்' என்று முழங்கும். காதுக்குழாயின் இரண்டாம் வளைவைத் தாண்டி உள்ளே போக வேண்டும். முழங்கினால் திருப்பிக் கொடுத்து மறு அச்சு கேளுங்கள். முதல் இரண்டு வாரம் வீட்டுச் சாதகத்தில் மட்டும் போட்டுப் பழகுங்கள், நேரே முகூர்த்தத்தில் வேண்டாம்.

செவித்திறன் பரிசோதனைக்கு முகூர்த்த நாளுக்கு மறுநாள் காலையில் போகாதீர்கள். ஒரு நாள் முழுக்கக் காதுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் போனால்தான் தற்காலிக மந்தம் நீங்கி உண்மை நிலை தெரியும். 3000, 6000 ஹெர்ட்ஸும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், சில இடங்களில் கேட்டால்தான் பார்ப்பார்கள். பரிசோதனை வரைபடத்தில் கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளமாக இறங்கி 8000-இல் மறுபடி ஏறினால் அது பெரும்பாலும் இரைச்சல் செய்த வேலை.

காதுக்குள் 'ஙொய்' என்ற இரைச்சல் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தாலும் வெளியே சொல்லமாட்டார்கள். 'அவருக்குக் காது போச்சாம்' என்று பேச்சு கிளம்பினால் அடுத்த சீசன் அழைப்பு வராது. அதனால் பரிசோதனைக்குத் தனியாக ஒருவரை அனுப்பாதீர்கள். ஒத்து, தாளம் உட்பட மேளம் செட்டு முழுவதும் ஆடி மாதத்தில், முகூர்த்தம் இல்லாத ஒரு நாளில், சேர்ந்து போய் எடுத்துவிட்டு வரட்டும்.