தூர்தர்ஷன் 1982-இல் தொடங்கவில்லை

"ஆசிய விளையாட்டுக்காக 1982-இல்தான் தூர்தர்ஷனே வந்தது, அதற்கு முன் இந்தியாவில் டிவி கிடையாது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. டெல்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது 1959 செப்டம்பர் 15. தினசரி ஒளிபரப்பு 1965-இல் வந்தது, மும்பை நிலையம் 1972-இல், சென்னை 1975-இல். 1976 வரை இது அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவுதான்.

1982-இல் வந்தவை வண்ண ஒளிபரப்பும், நாடு முழுவதற்குமான தேசிய நிகழ்ச்சியும்.

1975-76-இல் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் டிவி பார்த்தன. விவசாயம், சுகாதாரம், பள்ளிக் குழந்தைகளுக்கான பாடம் எல்லாம் அதில் உண்டு. அவ்வளவு பெரிய முயற்சியை இல்லையென்று சொல்வது நியாயமே இல்லை. பதிவைத் திருத்திவிடுங்கள், பலர் பகிர்கிறார்கள்.